போலீஸாரின் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிக்குப் பணம் திரட்டுவது எப்படி? பினாங்குப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் என்று பல பக்கத்திலிருந்தும் பெற்றோர்கள் போன் செய்கிறார்கள். "எங்கள் பள்ளியிலும் போலீஸை அழைத்துப் பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்க வேண்டும், செலவுக்கு யாரைப் பிடிப்பது?" என்பதுதான் கேள்வி. தனித்தனியாகச் சொல்லி வந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் யார், இதில் எப்படி இறங்கினீர்கள்?

பட்டர்வொர்த் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான் பொருளாளர். என் தங்கை மகனுக்கு அப்போது 15 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். "ஓடிப்போய் ஐஸ் வாங்கிட்டு வாடா" என்று அவனிடம் சொன்னது நான்தான். அப்பாவின் கப்சாயை, அதாவது சின்ன மோட்டார் சைக்கிளை, எடுத்தான். ஹெல்மெட் முன்கூடையில் கிடந்தது. கடை அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. சந்திப்பில் திரும்பிய வேன் அவனைப் பார்க்கவில்லை.

பிழைத்துக்கொண்டான். ஆனால் இன்றைக்கும் தெரிந்தவர் பெயர்கூடச் சட்டென்று வாயில் வராது. வலது கையால் சட்டைப் பொத்தான் போட முடியாது. லைசென்ஸ் இல்லாத பிள்ளையை ரோட்டுக்கு அனுப்பியவர்கள் வீட்டில் இருந்த பெரியவர்களாகிய நாங்கள். அவன் மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருடம் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன், வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

நிலைமை அவ்வளவு மோசமா?

ஆம். 2016இல் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்கள் 7,152 பேர். 2019இல் 6,167 பேர். இப்படி இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள், ஓட்டியவரும் பின்னால் உட்கார்ந்தவரும் சேர்த்து. நம் வீடுகளில் பிள்ளை முதலில் தொடும் வண்டி மோட்டார்தான்.

இங்கே உள்ளூர் போலீஸ் என்று உண்டா? அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்கா போன்ற நாடுகளில் பல நகரங்கள் தங்கள் போலீஸைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. அதனால் அங்கே ஊர்க்காரர்கள் தங்கள் போலீஸ் நடத்தும் நிகழ்ச்சிக்கு நேரடியாக நிதி கேட்டும் கொடுத்தும் பழகியிருக்கிறார்கள். இணையத்தில் அதைப் படித்துவிட்டு நம்மிலும் சிலர் அப்படியே செய்யப் பார்க்கிறார்கள். இங்கே அது பொருந்தாது.

நமக்கு இருப்பது அரச மலேசிய போலீஸ் படை ஒன்றுதான். அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் போலீஸ் மத்திய அரசாங்கத்தின் கீழ் வருகிறது. பணம் நாடாளுமன்றம் ஒதுக்கி, உள்துறை அமைச்சின் வழியாக வருகிறது. மாநில அரசாங்கத்துக்கோ மாநகர் மன்றத்துக்கோ போலீஸ் மேல் அதிகாரம் இல்லை. பினாங்கில் நீங்கள் அணுக வேண்டியது உங்கள் மாவட்டப் போலீஸ் தலைமையகம்: தீவில் வடகிழக்கு, தென்மேற்கு என்று இரண்டு, பெருநிலத்தில் செபராங் பிறை வடக்கு, மத்தி, தெற்கு என்று மூன்று. பள்ளிகளுக்கென்றே போலீஸில் தொடர்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு யார் என்று தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கும்.

அதிகாரி சம்பளத்தில்தானே வருகிறார்? பிறகு பணம் எதற்கு?

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வரும் முக்கியமான விஷயமே இதற்கான பதில்தான். அதிகாரிக்கு நாம் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. பேசுவதற்குப் பணம் வேண்டாம். பேசி முடித்த மறுநாள் காலையில் பிள்ளையின் தலையில் நல்ல ஹெல்மெட் இருப்பதற்குத்தான் பணம் வேண்டும்.

பல பள்ளிகளில் நடப்பது இதுதான்: மண்டபத்தில் 400 பிள்ளைகள், முக்கால் மணி நேரப் பேச்சு, பெரிய பேனர், சாப்பாட்டுப் பொட்டலம், பிரமுகருக்குப் பூமாலை, போட்டோ. திரட்டிய பணம் பேனருக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். அடுத்த வாரம் அதே பிள்ளைகள் அதே உடைந்த ஹெல்மெட்டோடு, இல்லை ஹெல்மெட்டே இல்லாமல் போவார்கள்.

நாங்கள் செலவு செய்வது நாலு காரியங்களுக்கு. ஹெல்மெட், 16 வயது நிறைந்த ஏழைப் பிள்ளைகளுக்கு லைசென்ஸ் எடுக்க உதவி, சிறு குழுக்களாகப் பிரித்து வருடத்தில் மூன்று நான்கு தடவை நடத்தும்போது ஆகும் கூம்பு, கயிறு, பிரதிபலிப்புப் பட்டை போன்ற சாமான்கள், தோட்டப்புறத்திலிருந்து வரும் பெற்றோருக்குச் சாயங்காலக் கூட்டத்துக்கு வேன். பேனர் ஒன்றுதான் அடித்தோம், வருடம் போடாமல். இன்னும் அதையேதான் கட்டுகிறோம்.

போலீஸ் நிலையத்திலேயே போய் நன்கொடை கொடுத்துவிடலாமா?

கூடாது. நல்ல எண்ணத்தோடு கொடுத்தாலும் கூடாது. அதிகாரி கையில் பணம், பரிசுக்கூடை, பெட்ரோல் செலவு என்று எதுவும் வேண்டாம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் இருக்கிறது; கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சிக்கல். தேநீர், பலகாரம் எல்லோருக்கும் கொடுப்பது போல அவருக்கும் கொடுங்கள், அதோடு சரி.

பணம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கிலோ பதிவு பெற்ற ஓர் இயக்கத்தின் கணக்கிலோ இருக்கட்டும். சாமான்களை அந்தக் கணக்கிலிருந்தே வாங்குங்கள். போலீஸ் தரப்பு ஆளையும் அனுபவத்தையும் தரட்டும். பணம் அவர்கள் பக்கம் போகவே வேண்டாம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி. எங்களிடம் பேசிய அதிகாரி அதைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே, "அப்படியே கடிதத்திலும் எழுதிவிடுங்கள்" என்றார்.

சமன் (போக்குவரத்து அபராதம்) கட்டுகிறோமே, அந்தப் பணத்திலிருந்து கொடுக்க மாட்டார்களா?

போலீஸ் போடும் சமன் பணம் நிலையத்தில் தங்குவதில்லை. மத்திய அரசாங்கத்தின் திரட்டு நிதிக்குப் போகிறது. அங்கிருந்து எதற்கு எவ்வளவு என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்கிறது. மாநகர் மன்றம் போடும் கார் நிறுத்துமிட அபராதம் வேறு, அது மன்றத்துக்கே போகிறது. அதனால் மன்றத்திடம் கேட்க நமக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

எந்த வயதுப் பிள்ளைகளுக்கு நடத்துவது?

படிவம் 1 முதல் படிவம் 3 வரை, அதாவது 13 முதல் 15 வயது. படிவம் 5க்கு வைத்துப் பயனில்லை என்று சொல்லவில்லை, ஆனால் காலம் கடந்துவிடுகிறது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழ் எந்த மோட்டார் வண்டியும் ஓட்டக்கூடாது, காருக்கு 17. ஆனால் நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) பிள்ளைகள் 13 வயதிலேயே அப்பாவின் மோட்டாரை வீட்டுச் சந்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். 14இல் கடைக்கு, 15இல் டியூஷனுக்கு. பள்ளிக்குள் மோட்டார் கொண்டுவர அனுமதி கிடையாது என்பதால் பள்ளிக்குப் பின்னால் யார் வீட்டு வாசலிலாவது நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். உங்கள் பள்ளிக்குப் பின்சந்தில் ஒரு நாள் காலை ஏழரைக்கு நடந்து பாருங்கள், எத்தனை மோட்டார் நிற்கிறது என்று தெரியும்.

பயங்கர விபத்துப் படங்களைக் காட்டினால் பயந்து திருந்த மாட்டார்களா?

அந்த நேரம் முகத்தைப் பொத்திக்கொள்வார்கள். வெளியே வந்ததும் ஒருவனை ஒருவன் கேலி செய்வார்கள். அடுத்த நாள் எல்லாம் மறந்துவிடும். "அது வேறு யாருக்கோ நடந்தது" என்று நினைப்பது அந்த வயதின் குணம்.

என் தங்கை மகனை மேடையேற்றிப் பேச வைக்கலாம் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். அவனிடம் கேட்டேன். "வேணாம் பெரியம்மா, நான் கயிறு பிடிக்கிறேன்" என்றான். அவன் சொன்ன கயிறுதான் எங்கள் நிகழ்ச்சியிலேயே பிள்ளைகள் மறக்காத பகுதி.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். எதிரே ஆபத்தைக் கண்டு, மூளைக்குப் பட்டு, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் இன்னும் பிடிக்கவே இல்லை. இதைப் பலகையில் எழுதினால் கணக்குப் பாடம். திடலில் காட்டினால் கதையே வேறு. கொடிக்கம்பத்தடியில் ஒரு பையனை நிற்க வைத்து, 25 மீட்டர் கயிற்றின் மறுமுனையை என் தங்கை மகன் இடது கையில் பிடித்துக்கொண்டு நடப்பான். கயிறு இறுகும்போது அவன் கேண்டீன் வாசலைத் தாண்டி நிற்பான். நிகழ்ச்சி நடத்த வந்த போலீஸ் கோப்ரல் கேட்பார்: "நடுவில் ஒரு சின்னப் பிள்ளை ஓடி வந்திருந்தால்?" யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் 90 கிலோமீட்டர் வேகத்துக்கான கயிறு வரும், அது 37 மீட்டரைத் தாண்டும். பள்ளி வட்டாரத்தில் ஏன் 30 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள் என்பதற்கு 12 மீட்டர்ச் சின்னக் கயிறு. மூன்று கயிறும் ஒரு பழைய சாக்குப் பையில் இருக்கின்றன. மொத்தச் செலவு 20 வெள்ளிகூட (ரிங்கிட்) ஆகவில்லை.

ஹெல்மெட்டுக்கே பெரும்பணம் ஒதுக்குகிறீர்களே, பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. அது ஹெல்மெட்தானா என்பதுதான் கேள்வி.

முதல் வருடம் பிள்ளைகளை வீட்டில் இருக்கும் ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னோம். படிவம் 2 பையன் ஒருவன் பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) வாங்கியதைக் கொண்டுவந்தான். மேலே அழகான ஸ்டிக்கர். கோப்ரல் அதை அவன் தலையில் மாட்டி, தாடைப் பட்டையைப் போடச் சொல்லிவிட்டு, பின்னாலிருந்து இரண்டு விரலால் மேல்நோக்கித் தள்ளினார். ஹெல்மெட் நெற்றி வழியாக உருண்டு மூக்கின் மேல் வந்து நின்றது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். பிறகு அவர் அதைக் கழற்றி உள்ளே இருந்த நுரைப்பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினார். ஊறிய ரஸ்க் மாதிரி உதிர்ந்து மேசையில் கொட்டியது. அப்போது சிரிப்பு நின்றது. அது அவன் அண்ணனுடையது, அதற்கு முன் அப்பாவுடையது.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியவை இவைதான். தரச் சான்று தரும் சிரிம் அமைப்பின் முத்திரை இருக்க வேண்டும். பட்டைக்கும் தாடைக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக்கூடாது. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக்கூடாது. அண்ணன் தலைக்குச் சரியாக இருப்பது தம்பிக்குச் சரியாக இருக்காது. ஹெல்மெட் தலைக்காய அபாயத்தை ஏறக்குறைய 69 விழுக்காடும் மரண அபாயத்தை 42 விழுக்காடும் குறைப்பதாக, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. பட்டை போடாத ஹெல்மெட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது முதல் அடியிலேயே பறந்துவிடும்.

15 வயதுப் பிள்ளைக்கு ஹெல்மெட் கொடுத்தால் ஓட்டச் சொல்வது போல ஆகாதா என்று கேட்கிறார்கள். அப்பா மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கும் தலை இருக்கிறது. நாங்கள் பழையதை வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுக்கிறோம். பழையதை அங்கேயே பட்டையை வெட்டிவிடுகிறோம், இல்லையென்றால் அது வீட்டில் தம்பிக்குப் போய்விடும்.

யாரிடம் பணம் கேட்கலாம்?

பக்கத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள். தொகுதி ஒதுக்கீட்டிலிருந்து பள்ளி நிகழ்ச்சிகளுக்குக் கொடுப்பது வழக்கம். பேச்சோடு போகாமல், எத்தனை ஹெல்மெட், ஒன்று என்ன விலை, எந்தக் கடை என்று விலைப்பட்டியலோடு போங்கள். எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள், எங்கள் பட்டியலில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

பினாங்குத் தீவு மாநகர் மன்றம், செபராங் பிறை மாநகர் மன்றம் இரண்டிடமும் பணத்தைவிட வேலையாகக் கேட்பது நல்லது. பள்ளி வாசலில் அழிந்துபோன வரிக்கோடு, எரியாத விளக்கு, நடைபாதையை மறைக்கும் கிளை. இவற்றை அவர்கள் சரிசெய்தால் அதுவே பெரிய நன்கொடை. சாலை மன்றத்துடையதா, பொதுப்பணி இலாகாவுடையதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் தெரியாமல் ஒரு வருடம் தவறான இடத்துக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

மித்ரா இந்திய சமுதாயத்துக்கான அரசாங்கப் பிரிவு. 2018க்கு முன் செடிக் என்று இருந்தது. பதிவு பெற்ற இயக்கம் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். நிபந்தனைகள் வருடத்துக்கு வருடம் மாறும், அந்த வருட அறிவிப்பை வைத்து விண்ணப்பத்தை எழுதுங்கள். ஒன்று கவனியுங்கள்: பள்ளியில் எல்லா இனப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தியப் பிள்ளைகளுக்கான நிதியில் ஹெல்மெட் வாங்கினால், மற்றப் பிள்ளைகளுக்கு வேறு நிதியில் அதே நாளில் கொடுங்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பும் கொடுமையை மட்டும் செய்யாதீர்கள்.

கோயில் நிர்வாகங்களை மறக்க வேண்டாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வரை பந்தல் போட்டுச் சாப்பாடு கொடுக்கும் குழுக்கள் நம்மிடம் எத்தனை! அதில் ஒரு குழு ஒரு வருடம் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவை ஹெல்மெட்டுக்கு மாற்றியது. அன்னதானத்துக்குக் குறைந்த புண்ணியம் இதில் இல்லை என்று அந்தக் குழுவின் தலைவரே மைக்கில் சொன்னார்.

கடைசியாக வியாபாரிகள். தாமானில் உள்ள மோட்டார் கடைக்காரர், டயர்க் கடைக்காரர், காப்புறுதி முகவர். பெரிய நிறுவனங்களும் இருக்கின்றன. ஹோண்டாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த லோ பூன் சியூ பினாங்கில் வாழ்ந்தவர். 'கப்சாய்' என்ற பெயரே ஹோண்டா கப்பிலிருந்து வந்ததுதான். பூன் சியூ ஹோண்டாவின் தொழிற்சாலை இன்றைக்கும் பத்து காவானில் இருக்கிறது. மோட்டார் விற்பவரிடம் மோட்டார் பாதுகாப்புக்குக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆனால் அவர்கள் கொடுப்பது சாமானாக இருக்கட்டும், பள்ளிக்குள் புது மாடல் மோட்டாரை நிறுத்தி விளம்பரம் செய்ய விடாதீர்கள்.

வீடு வீடாகப் போய் வசூலிக்கலாமா?

போலீஸ் அனுமதி இல்லாமல் முடியாது. வீடு வீடாகவும் தெருவிலும் வசூலிப்பதற்கென்றே 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்கு வசூலிக்கப் போய் நாமே சட்டத்தை மீறுவது நன்றாக இருக்காது. பள்ளி மாணவர்களை உண்டியலோடு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

கொடுப்பவர்களுக்கு வரிவிலக்கு கிடைக்குமா?

அரசாங்கத்துக்கோ, வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்கோ கொடுத்தால் கிடைக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் தானாகவே அதில் சேர்ந்துவிடாது. அங்கீகாரம் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். சாதாரண ரசீது எல்லோருக்கும் கொடுங்கள், 5 வெள்ளி கொடுத்த பாட்டிக்கும்.

போலீஸையே மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னால்?

கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வேண்டாம். பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த நாடுகளின் அனுபவத்தைக் காக்ரேன் அமைப்பு 2001இல் தொகுத்துப் பார்த்தது. விபத்து குறைந்ததற்குச் சான்று இல்லை. பிள்ளைகள் சீக்கிரமாக லைசென்ஸ் எடுத்து, சீக்கிரமாகச் சாலைக்கு வந்ததுதான் கண்ட பலன். நியூசிலாந்து 1987இல் வேறு வழி எடுத்தது: புதிதாக ஓட்டும் இளைஞர்களுக்கு இரவில் ஓட்டவும் கூட்டாளிகளை ஏற்றவும் கட்டுப்பாடு வைத்து, படிப்படியாக முழு லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கியது.

ஓட்டக் கற்றுக்கொடுப்பதைவிட, 16 வயது வரை காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த லைசென்ஸை எடுத்துக்கொடுப்பது மேல். பி2 என்ற மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்கு ஓட்டுநர் பள்ளியில் சில நூறு வெள்ளி ஆகும். நாலு பிள்ளை உள்ள வீட்டில் அது பெரிய தொகை, அதனால்தான் பலர் லைசென்ஸ் இல்லாமலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பி40 என்னும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்காகப் போக்குவரத்து அமைச்சு மைலெசென் என்ற திட்டத்தை நடத்தியிருக்கிறது. இடம் திறந்திருக்கிறதா என்று ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்குச் சங்க நிதியிலிருந்து உதவுங்கள். பணத்தைப் பிள்ளை கையில் கொடுக்காமல் ஓட்டுநர் பள்ளிக்கே கட்டிவிடுங்கள்.

நம் பிள்ளைகள் போலீஸைக் கண்டாலே ஒதுங்குகிறார்களே?

உண்மைதான், இதை மூடி மறைக்க முடியாது. "சாப்பிடலன்னா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்" என்று சொல்லித்தான் நாமே வளர்க்கிறோம். ரோட் பிளாக்கில் நிறுத்தப்பட்ட அண்ணன்மார் கதைகளையும் கேட்டு வளர்கிறார்கள். அந்தப் பயம் ஒரு நாளில் போகாது.

நாங்கள் இரண்டு காரியம் செய்தோம். நிகழ்ச்சி நாளில் பள்ளியைச் சுற்றிச் சோதனை நடத்த வேண்டாம், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதாக ஒப்புக்கொள்ளும் பிள்ளையின் பெயரை யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்தோம். இரண்டாவது, முடிந்தால் தமிழ் பேசும் அதிகாரி ஒருவரையும் அனுப்பும்படி கேட்டோம். பேச்சு மலாயில்தான் நடக்கும், எல்லா இனப் பிள்ளைகளுக்கும் அதுவே சரி. ஆனால் முடிந்தபிறகு மரத்தடியில் ஒரு பையன் தனியாக வந்து கேட்கும் கேள்வி இருக்கிறதே, அது தாய்மொழியில்தான் வரும். "அங்கிள், அப்பா குடிச்சிட்டு வரும்போது நான்தான் ஓட்டிட்டு வருவேன், அது தப்பா?" என்று ஒரு பையன் கேட்டான். அந்த அதிகாரி அவனோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பள்ளி ஆலோசக ஆசிரியரும் சேர்ந்து அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்த்தார்கள்.

பெற்றோர்களை எப்படி வரவைப்பது?

பகலில் கூப்பிட்டால் வர மாட்டார்கள், வேலை இருக்கிறது. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர்களே அதிகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் வைத்தோம், ஓரளவு வந்தார்கள். அவர்களிடம் சட்டத்தை நேராகச் சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பதும் குற்றம். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும் என்பதையும் சொல்லுங்கள். இதைச் சொன்னபோதுதான் பின்வரிசையில் இருந்த அப்பாமார்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

பெண்பிள்ளைகளுக்கும் இது தேவையா?

கட்டாயம். அவர்களும் ஓட்டுகிறார்கள், பின்னால் உட்கார்ந்தும் போகிறார்கள். ஓட்டுபவன் வேகமாகப் போனால் "நிறுத்து, நான் இறங்குகிறேன்" என்று சொல்லிப் பழக வேண்டும். ஒரு தடவை அதை இருவர் இருவராக நடித்தே பார்த்தோம், பையன்களுக்கும் சேர்த்து.

கடிதம் எப்படி, யாருக்கு?

தலைமையாசிரியர் கையெழுத்தோடு மாவட்டப் போலீஸ் தலைவருக்கு, மலாய் மொழியில், ஒரே பக்கம். நகல் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு. இரண்டு மாதம் முன்னதாகக் கொடுங்கள். தேர்வுக் காலத்தையும் பெருநாள் காலத்தையும் தவிருங்கள், பெருநாள் சமயத்தில் போக்குவரத்துப் போலீஸார் எல்லோரும் நெடுஞ்சாலையில் இருப்பார்கள். மூன்று தேதிகள் குறிப்பிட்டு, எது வசதி என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் நேரே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கடிதம் ஏதோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பலன் இருக்கிறதா என்று பணம் கொடுத்தவர்கள் கேட்டால்?

கேட்க வேண்டிய கேள்விதான். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை மட்டும் காட்டாதீர்கள், மண்டபத்தில் உட்கார வைத்தால் எல்லோரும் வந்துதானே ஆக வேண்டும்.

நாங்கள் வாசலில் எண்ணுகிறோம். காலை 6.50 முதல் 7.25 வரை இரண்டு அம்மாமார்கள் ஒரு நோட்டோடு நிற்பார்கள். நாலே பத்தி: ஹெல்மெட் போட்டுப் பட்டையும் போட்டவர், பட்டை போடாதவர், ஹெல்மெட்டே இல்லாதவர், சீருடையில் தானே ஓட்டி வந்தவர். பெயர் இல்லை, வண்டி எண் இல்லை, கோடு மட்டும். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் ஒரு தடவை, முடிந்து ஒரு மாதத்தில் ஒரு தடவை, ஆறு மாதத்தில் ஒரு தடவை. ஒரு மாதத்தில் எப்போதும் நன்றாகத் தெரியும். ஆறு மாதத்தில் சறுக்கும். அந்தச் சறுக்கலையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதித்தான் அடுத்த தவணைக்கு மறுபடியும் பணம் கேட்கிறோம், கொடுக்கிறார்கள்.

முதல் எண்ணிக்கையை நிகழ்ச்சிக்கு முன்பே எடுத்துவிடுங்கள், பிறகு எடுக்க வழியில்லை. மூன்று தடவையும் கிழமை ஒன்றாக இருக்கட்டும். மழை நாளில் எண்ணாதீர்கள். அன்றைக்குப் பாதிப் பேர் காரில் வந்து இறங்குவார்கள், கணக்கு தப்பாகிவிடும்.